ஒரு செந்தரம், பல செயலாக்கங்கள்: சி மொழியின் செந்தர நிரலக வேறுபாடுகளும் தமிழ்ப் பனுவல் ஆய்வும்

முன்னுரை

ஒரே பனுவல், ஒரே நிரல், இரண்டு கணினிகள். ஒன்றில் உருவாகும் சொல்லடைவில் 'மரம்', 'மலர்', 'மறம்' என்னும் முறையில் சொற்கள் நிற்கின்றன. மற்றொன்றில் 'மரம்', 'மறம்', 'மலர்' என்று நிற்கின்றன. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இரு கணினிகளிலும் பழுது இல்லை. நிரல் எழுதப்பட்ட சி மொழியின் செந்தர விதி எதுவும் மீறப்படவும் இல்லை. ஆயினும் விளைவு வேறாகிறது.

இதற்குக் காரணம், நிரலுக்கும் கணினிக்கும் இடையே நிற்கும் செந்தர நிரலகம் ஆகும். அச்சிடுதல், சரங்களை ஒப்பிடுதல், பட்டியலை வரிசைப்படுத்துதல், நினைவகம் பெறுதல் முதலிய பொதுப் பணிகளுக்கான செயற்கூறுகளை ஆயத்தமாக வைத்திருக்கும் தொகுப்பே அது. அதன் செயற்கூறுகள் என்ன செய்யவேண்டும் என்பதைச் செந்தரம் வகுக்கிறது. எவ்வாறு செய்வது என்பதை ஒவ்வொரு செயலாக்கமும் தன் போக்கில் முடிவு செய்கிறது. செந்தரம் வாய்திறவாத இடங்களில் செயலாக்கங்கள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடுகள் எங்கு எழுகின்றன, சொல்லடைவு, அகராதி, நூற்பட்டியல் போன்ற தமிழ் ஆய்வுக் கருவிகளை எவ்வாறு தாக்குகின்றன, அவற்றிலிருந்து ஆய்வு முடிவுகளைக் காப்பது எப்படி என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

1. செந்தரமும் செயலாக்கமும்

பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய சி மொழி நூல் 1978-இல் வெளிவந்தது. அடுத்த பத்தாண்டுகளில் யுனிக்ஸ் இயங்குதளத்தின் கிளைகள் பெருக, நிரலகங்களும் கிளைத்தன. ஒரு சரத்தில் ஓர் எழுத்தைத் தேடும் செயற்கூற்றுக்குப் பெர்க்லி கிளையில் 'இன்டெக்ஸ்' என்று பெயர். சிஸ்டம் ஃபைவ் கிளையில் 'ஸ்டிர்சர்' என்று பெயர். ஒரு கிளைக்கு எழுதிய நிரலை மறு கிளைக்குக் கொண்டுசெல்லப் பெயர்களையே மாற்றவேண்டியிருந்தது. இந்நிலையைச் சீர்செய்ய 1989-இல் அமெரிக்கச் செந்தரமும் 1990-இல் பன்னாட்டுச் செந்தரமும் வகுக்கப்பட்டன. 1999, 2011, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் திருத்தப் பதிப்புகள் வெளிவந்தன.

செந்தரம் ஓர் ஆவணம் மட்டுமே. அது தானே இயங்குவதில்லை. அதனை இயங்கும் நிரலாக்கித் தருவோர் பலர். லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் ஜிலிப்சி எனப்படும் குனு நிரலகம் உள்ளது. 2011-இல் வெளிவந்த மசல் என்னும் சிறிய நிரலகம் ஆல்பைன் லினக்ஸில் பயன்படுகிறது. இணையச் சேவைகளை இயக்கும் கொள்கலன்கள் பல ஆல்பைனை அடித்தளமாகக் கொண்டவை. மைக்ரோசாஃப்ட் 2015 முதல் யூசிஆர்டி என்னும் நிரலகத்தை வழங்குகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இருப்பது பயோனிக். எனவே ஒரு தமிழ் ஆய்வாளரின் மேசைக் கணினி, அவருடைய கைப்பேசி, அவருடைய தரவு தங்கியுள்ள வழங்கி ஆகிய மூன்றும் மூன்று வேறு நிரலகங்களைக் கொண்டிருத்தல் அரிதன்று.

தமிழ் மரபில் பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஒன்றே. இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் ஆகியோர் அதற்கு எழுதிய உரைகள் பல. நூற்பா சுருங்கச் சொன்ன இடத்தில் உரைகள் வேறுபடுகின்றன. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. உரையைப் படிப்பவர் யார் உரை என்று அறிந்தே படிக்கிறார். நிரலை இயக்குபவர் எந்த நிரலகத்தின்மேல் அது இயங்குகிறது என்பதைப் பெரும்பாலும் அறிவதில்லை.

2. செந்தரம் விட்டுவைத்த இடங்கள்

செந்தரம் கவனக்குறைவால் இவ்விடங்களை விட்டுவிடவில்லை. பலவகைக் கணினிகளிலும் மொழி விரைந்து இயங்கவேண்டும் என்பதற்காகத் தெரிந்தே விட்டது. அவற்றை வகைப்படுத்தியும் வைத்தது. அவ்வகைகள் நான்கு.

முதலாவது, செயலாக்கம் தானே வரையறுத்து ஆவணப்படுத்தவேண்டியது. சுழிய அளவு நினைவகம் கேட்டால் வெற்றுச் சுட்டி தருவதா, வேறொரு முகவரி தருவதா என்பது இவ்வகை. ஜிலிப்சி முகவரி தருகிறது. ஏஐஎக்ஸ் இயங்குதளம் வெற்றுச் சுட்டி தருகிறது. வெற்றுச் சுட்டியைக் கண்டதும் 'நினைவகம் தீர்ந்தது' என்று நின்றுவிடும் நிரல் ஒன்றில் ஓடும், மற்றொன்றில் நிற்கும்.

இரண்டாவது, பல விளைவுகளை ஏற்று, எதுவென்று குறித்துரைக்காதது. வரிசைப்படுத்தும்போது சமமான இரு உறுப்புகளில் எது முன்வரும் என்பது இதற்கு எடுத்துக்காட்டு.

மூன்றாவது, முற்றிலும் வரையறுக்கப்படாதது. இங்கு எந்த விளைவும் செந்தரத்துக்கு முரணாகாது.

நான்காவது, வட்டார அமைவைப் பொறுத்தது. எது எழுத்து, எது முன், எது பின் என்னும் வினாக்கள் இதில் அடங்கும். தமிழுக்கு மிக நெருங்கியது இந்நான்காம் வகையே.

மூன்றாம் வகையின் விளைவுக்கு 2010-இல் நிகழ்ந்தது நல்ல சான்று. நினைவகத்தின் ஒரு பகுதியை வேறிடத்தில் படியெடுக்கும் 'மெம்காப்பி' என்னும் செயற்கூறு, மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாயின் என்ன செய்யும் என்பதைச் செந்தரம் வரையறுக்கவில்லை; அத்தகைய இடத்துக்கு 'மெம்மூவ்' என்னும் வேறு செயற்கூறு உண்டு. ஆயினும் பல நிரல்கள் படியும் இடத்திலும் மெம்காப்பியையே பயன்படுத்தின. முன்னிருந்து பின்னாகப் படியெடுக்கும் வழக்கத்தால் அவை தற்செயலாகச் சரியாக ஓடின. விரைவு கருதி ஜிலிப்சியில் சில செயலிகளுக்குப் பின்னிருந்து முன்னாகப் படியெடுக்கும் முறை புகுத்தப்பட்டபோது, ஃபெடோரா 14-இல் ஃபிளாஷ் இயக்கியின் ஒலி சிதைந்தது. பிழை நிரலுடையது என்பது செந்தரத்தின் தீர்ப்பு. பயனருக்கு இதுவரை ஓடியது இனியும் ஓடவேண்டும் என்பது லினஸ் டோர்வால்ட்ஸின் வாதம். இறுதியில் ஜிலிப்சி 2.14-இல் இரண்டையும் இணக்கும் வழி காணப்பட்டது: பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தை, புதிதாகத் தொகுக்கப்படும் நிரல்களுக்குப் புதிய நடத்தை. நிரல் சரியாக ஓடுவது அது சரியாக எழுதப்பட்டது என்பதற்குச் சான்றாகாது என்பதே இந்நிகழ்வு காட்டும் உண்மை.

3. சமமானவற்றின் வரிசை

சொல்லடைவில் ஒரு சொல் பன்முறை வரும். 'யாண்டு' என்னும் சொல் ஒரு தொகைநூலில் வரும் இடங்களெல்லாம் பாடல் எண் முறையில் அடுக்கப்படவேண்டும் என்று ஆய்வாளர் எதிர்பார்ப்பார். பனுவலைத் தொடக்கத்திலிருந்து படித்துச் சொற்களைத் திரட்டி, பின் 'கியூசார்ட்' என்னும் செயற்கூற்றால் சொல் நோக்கி வரிசைப்படுத்துவது எளிய வழி. சமமான சொற்கள் படித்த முறையிலேயே நிற்கும் என்பது அவ்வழியின் மறைமுக நம்பிக்கை.

அந்நம்பிக்கைக்குச் செந்தரத்தில் இடமில்லை. ஜிலிப்சி நீண்டகாலமாக இணைப்பு வரிசை முறையைக் கையாண்டதால், நினைவகம் போதும் அளவில் சமமானவை முறைமாறாமல் நின்றன. பட்டியல் மிகப் பெரிதானால் அதுவே வேறு முறைக்கு மாறும். மசல் நிரலகம் கையாள்வது மென்வரிசை முறை. மைக்ரோசாஃப்ட் நிரலகம் கையாள்வது விரைவரிசை முறை. இவ்விரண்டும் சமமானவற்றின் முறையைக் காப்பதில்லை. ஆகவே ஜிலிப்சியில் ஒழுங்காக வந்த பாடல் எண்கள் ஏனையவற்றில் கலைந்து வரலாம்.

2023-இன் இறுதியில் ஜிலிப்சியை உருவாக்குவோர் இணைப்பு வரிசையை நீக்கினர். செந்தரத்தின்படி அவர்களுக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் அதன்மேல் சாய்ந்திருந்த நிரல்கள் பல என்பது தெரியவர, அடுத்த வெளியீட்டுக்கு முன்பே, 2024 சனவரியில், அம்முறை மீண்டும் கொண்டுவரப்பட்டது. எழுதப்படாத வழக்கம் எழுதப்பட்ட விதியைப்போல் வலுப்பெறுவதை இது காட்டுகிறது. எனினும் வழக்கத்தை நம்பும் நிரல் அவ்வொரு நிரலகத்துக்கே கட்டுப்பட்டது.

இதற்குத் தீர்வு எளிது. ஒப்பிடும் செயற்கூற்றில் சொல் சமமானால் பாடல் எண்ணையும், அதுவும் சமமானால் அடி எண்ணையும், இறுதியில் சொல் வரும் இடத்தையும் ஒப்பிடவேண்டும். எந்த இரண்டு உறுப்பும் சமமாகா என்னும் நிலையில், எல்லா நிரலகங்களும் ஒரே வரிசையைத் தரும்.

4. தற்போக்கு எண்ணும் மாதிரியும்

பெரும்பனுவலிலிருந்து மாதிரி எடுத்து நடை, யாப்பு, சொல்வளம் ஆகியவற்றை ஆராய்வோர் தற்போக்கு எண்களைப் பயன்படுத்துவர். சி மொழியில் அதற்குரிய செயற்கூறு 'ரேண்ட்'. தொடக்க எண் ஒன்றே ஆயினும் அது எந்த எண்வரிசையைத் தரவேண்டும் என்பதைச் செந்தரம் விதிக்கவில்லை. மேல் எல்லை குறைந்தது 32767 ஆகவேனும் இருத்தல் வேண்டும் என்று மட்டும் கூறுகிறது. மைக்ரோசாஃப்ட் நிரலகம் அக்குறைந்த அளவையே எல்லையாகக் கொண்டது. ஜிலிப்சியின் எல்லை 2147483647.

கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. பாடல் பெரும்பாலும் நாலடி என்பதால் அடிகள் 40,000-ஐத் தாண்டும். அடிகளுக்குச் சுழியம் முதல் எண்ணிட்டு, ரேண்ட் தரும் எண்ணை மொத்த அடித்தொகையால் வகுத்த மீதியைக் கொண்டு மாதிரி எடுக்கும் நிரலை எண்ணிப் பார்க்கலாம். ஜிலிப்சியில் எந்த அடியும் அகப்படும். மைக்ரோசாஃப்ட் நிரலகத்திலோ 32767-க்கு மேற்பட்ட எண் ஒருபோதும் பிறவாது. நாலடிப் பாடலாகக் கணக்கிட்டால் முதல் 8192 பாடல்களுக்கு அப்பால் ஓர் அடியும் மாதிரியில் சேராது. அதாவது யுத்த காண்டத்தின் பிற்பகுதி முழுவதும் ஆய்விலிருந்து விடுபடும். நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாது. எத்தனை ஆயிரம் மாதிரி எடுத்தாலும் குறை நீங்காது. கம்பரின் நடை பற்றிய முடிவு, காப்பியத்தின் உச்சப் பகுதியைக் காணாமலேயே எட்டப்பட்டிருக்கும்.

சி++ மொழியின் 2011 செந்தரம் இதில் ஒரு படி முன்னேறியது. மெர்சென் டுவிஸ்டர் என்னும் எண்ணாக்கியின் வெளியீடு எண் எண்ணாக விதிக்கப்பட்டுள்ளது. எந்த நிரலகத்திலும் அது மாறாது. ஆனால் அவ்வெண்களை விரும்பிய எல்லைக்குள் பரப்பித் தரும் வகுப்புகளின் வழிமுறை விதிக்கப்படவில்லை. எனவே எண்ணாக்கி ஒன்றே ஆனாலும் பரவல் நிரலகத்துக்கு நிரலகம் வேறுபடும். எண்ணாக்கியைச் செந்தரத்திலிருந்து கொண்டு, பரவலை நிரலிலேயே எழுதுவதே மீளச்செய்யத்தக்க ஆய்வுக்கு ஏற்றது.

5. எது எழுத்து?

'தமிழ்' என்னும் சொல் தமிழர் கணக்கில் மூன்று எழுத்து. ஒருங்குறியில் அது ஐந்து குறியிடங்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியிடமும் மூன்று பைட்டு பெறுவதால் அச்சொல் பதினைந்து பைட்டு. சி மொழியின் பழைய செயற்கூறுகள் பைட்டை எண்ணுகின்றன, எழுத்தை அறிவதில்லை.

ஒரு பைட்டு எழுத்தா அன்றா என்று கூறும் 'இஸ்ஆல்ஃபா' என்னும் செயற்கூற்றை எடுத்துக்கொள்ளலாம். ககரத்தின் மூன்று பைட்டுகள் 224, 174, 149. குறியுடை எண்ணாகக் கொள்ளும் கணினியில் 224 என்பது −32 ஆகிவிடும். எதிர்ம எண்ணை இச்செயற்கூற்றுக்கு அனுப்புவது வரையறுக்கப்படாதது. ஜிலிப்சி தன் அட்டவணையை எதிர்மப் பக்கமும் நீட்டி வைத்திருப்பதால் 'எழுத்தன்று' என்று அமைதியாகக் கூறும். மைக்ரோசாஃப்ட் நிரலகத்தின் பிழைதேடு வடிவம் நிரலை நிறுத்தி எச்சரிக்கும். ஆங்கிலத்தை மட்டும் கொண்டு சோதித்தவர் இவ்விரண்டையும் காணமாட்டார்; ஆங்கில எழுத்துகள் 127-க்குள் அடங்குவதால் எதிர்ம எண் எழுவதே இல்லை. தமிழ் நுழைந்த பின்பே இடைவெளி வெளிப்படுகிறது.

சரத்தை அளவுக்குள் அடக்கி எழுதும் 'எஸ்என்பிரின்டெஃப்' செயற்கூற்றிலும் இத்தகைய வேறுபாடு நெடுங்காலம் இருந்தது. எட்டுப் பைட்டு இடத்தில் 'தமிழ்' என்பதை எழுதச் சொன்னால், 1999 செந்தரத்தின்படி ஏழு பைட்டு எழுதி, இறுதிக் குறியிட்டு, தேவையான நீளம் பதினைந்து என்று விடையளிக்கவேண்டும். மைக்ரோசாஃப்ட் 2015-க்கு முன் வழங்கிய அதன் ஒப்பான செயற்கூறு எட்டுப் பைட்டையும் நிரப்பி, இறுதிக் குறி இடாமல், எதிர்ம எண்ணை விடையாகத் தந்தது. இறுதிக் குறி இல்லாச் சரத்தைப் படிக்கும் நிரல் அடுத்துள்ள நினைவகத்தையும் படித்துக்கொண்டே செல்லும். செந்தர முறையிலும் ஒரு குறை எஞ்சுகிறது: ஏழு பைட்டு என்பது த, ம என்னும் இரண்டும், அடுத்த குறியின் உடைந்த ஒரு பைட்டும் ஆகும்.

பைட்டை விடுத்து அகல எழுத்து வகையை நாடினால் வேறு சிக்கல் எழுகிறது. அவ்வகை லினக்ஸில் 32 பிட்டு, விண்டோசில் 16 பிட்டு. அன்றாடத் தமிழ் எழுத்துகள் இரண்டிலும் அடங்கும். ஆனால் 2019-இல் ஒருங்குறி 12.0 பதிப்பில் சேர்க்கப்பட்ட 51 தமிழ்க் குறிகள், அதாவது முந்திரி முதலிய பின்னங்களும் அளவைக் குறிகளும் பிறவும், 16 பிட்டுக்கு அப்பால் உள்ளன. கல்வெட்டு, நிலக்கணக்கு ஆவணங்களைப் பதிப்பிப்போர்க்கு இவை இன்றியமையாதவை. அவற்றுள் ஒரு குறி லினக்ஸில் நீளம் ஒன்று எனவும் விண்டோசில் நீளம் இரண்டு எனவும் எண்ணப்படும். விண்டோசில் ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே எழுத்தா என்று வினவினால் பொருளுள்ள விடை கிடையாது.

புள்ளியின் நிலை இன்னும் நுண்ணியது. ஒருங்குறியின் எழுத்துத்தன்மைப் பண்பு உயிர்மெய்க் குறிகளுக்கு உண்டு, புள்ளிக்கு இல்லை. அப்பண்பை அப்படியே பின்பற்றும் நிரலகத்தில், 'எழுத்து அல்லாதது வந்தால் சொல் முடிந்தது' என்று எழுதிய நிரல் 'பக்கம்' என்பதைப் 'பக', 'கம' என்னும் இரு துண்டாக்கும். சொல்லெண்ணிக்கை உயரும், சொற்கள் சிதையும். புள்ளி மெய்யின் இயல்பு என்பது தொல்காப்பியம் கூறும் அடிப்படை; ஒருங்குறியிலோ அது மெய்யின் பின் வரும் தனிக் குறி. இவ்விரு நோக்குகளுக்கும் பாலம் அமைப்பது நிரலரின் கடமையே தவிர, செந்தர நிரலகத்திடம் எதிர்பார்க்கத்தக்கது அன்று.

6. அகரவரிசை

முன்னுரையில் கண்ட சொல்லடைவுக்கு இனி வரலாம். ஒருங்குறியில் ர, ற, ல, ள, ழ, வ என்பது குறியிட முறை; னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. தமிழ் நெடுங்கணக்கில் ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது முறை. குறியிட முறையில் 'மறம்' மலருக்கு முந்தும். 'கனி' கவிக்கு முந்தும். 'வளி' வழிக்கு முந்தும். ஆய்த எழுத்து அகரத்துக்கும் முன் சென்று நிற்கும்.

பைட்டு முறையில் ஒப்பிடுவது 'ஸ்டிர்கம்ப்'. யூடிஎஃப்-8 குறியிட முறையைக் காப்பதால் இது எங்கும் ஒரே விடை தரும். அவ்விடை தமிழ் முறையன்று. வட்டார அமைவின்படி ஒப்பிடுவது 'ஸ்டிர்கால்'. தமிழ் முறை இதனிடம் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் வட்டார அமைவின் உள்ளடக்கத்தைச் செந்தரம் வகுக்கவில்லை. 'சி' என்னும் பெயருடைய அடிப்படை அமைவு ஒன்றையே கட்டாயமாக்கியது. அதில் ஸ்டிர்காலும் ஸ்டிர்கம்பும் ஒன்றே.

ஜிலிப்சியில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி அமைவுகள் உள்ளன. அவை கணினியில் நிறுவப்படாதிருந்தால் 'செட்லொகேல்' வெற்றுச் சுட்டி தரும். அதனைக் கவனியாத நிரல் அடிப்படை அமைவிலேயே தொடர்ந்து ஓடும். மசல் நிரலகத்தில் ஸ்டிர்கால் பைட்டு ஒப்பீடாகவே எழுதப்பட்டுள்ளது. தமிழ் அமைவைக் கேட்டால் பெயரை ஏற்றுக்கொள்ளும், வரிசையை மாற்றாது. முன்னதில் கவனித்தால் தவறு தெரியும். பின்னதில் கவனித்தாலும் தெரியாது. விண்டோசிலோ தமிழ் வட்டாரத்துக்கு ஆன்சி குறிமுறைப் பக்கம் ஒதுக்கப்படவில்லை. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு முதலே அதன் நிரலகம் யூடிஎஃப்-8 அமைவை ஏற்கிறது. அதற்கு முந்திய விண்டோஸ் கணினியில் குறும்பைட்டுச் சரங்களாகத் தமிழை வரிசைப்படுத்த இச்செயற்கூறு உதவியிராது.

ஒரே நிரலகத்திலும் காலம் வேறுபாட்டை உண்டாக்கும். 2018 ஆகஸ்டில் வெளிவந்த ஜிலிப்சி 2.28, வரிசைப்படுத்தும் அட்டவணையைப் பன்னாட்டுச் செந்தரத்தின் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றியது. அமெரிக்க ஆங்கில அமைவில் '11' என்பது '1-1' என்பதற்கு முன் வந்த நிலை மாறி, '1-1' முன் வந்தது. இம்மாற்றம் அச்சில் சிறிது, தரவுத்தளத்தில் பெரிது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் உரைப் புலங்களுக்கான சுட்டுகளை நிரலகத்தின் வரிசைப்படி அடுக்கி, அவ்வரிசையை நம்பியே தேடுகிறது. பழைய வரிசையில் அடுக்கிய சுட்டைப் புதிய வரிசையில் தேடினால், உள்ள பதிவு இல்லை என்று விடை வரும். ஒருமுறை மட்டுமே வரவேண்டிய பதிவு இருமுறை நுழையும். ரெட்ஹாட் 7-இலிருந்து 8-க்கு மாறியோர் உட்படப் பலர் சுட்டுகளை மீண்டும் கட்ட நேர்ந்தது.

இணைகோடிட்ட வரிசை எண்களால் நூல்களை அடையாளமிடும் ஆய்வு நூலகங்களுக்கு இதன் பொருள் வெளிப்படை. பட்டியலில் இருக்கும் நூல் தேடலில் அகப்படாது. அகப்படாத நூல் இல்லாத நூலுக்கு ஒப்பாகும். தரவுத்தளத்தை உருவாக்குவோரும் இதனை உணர்ந்தனர். 2024-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17, இயங்குதள நிரலகத்தைச் சாராமல் தன்னுள்ளேயே அடங்கிய வட்டார அமைவு வழங்கி ஒன்றைச் சேர்த்தது.

7. கடைப்பிடிக்கத்தக்க நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து தமிழ்ப் பனுவல் ஆய்வுக்குச் சில நெறிகள் பெறப்படுகின்றன.

ஒன்று, பதிவு. எந்தப் பதிப்பின் பாடத்தைக் கொண்டது என்று குறிப்பிடுவதுபோல், சொல்லடைவோ புள்ளியியலோ எந்த நிரலகத்தில், எந்தப் பதிப்பில், எந்த வட்டார அமைவில் உருவாயிற்று என்பதையும் ஆய்வேட்டில் குறிப்பிடல் வேண்டும்.

இரண்டு, அகரவரிசையை நிரலுக்குள்ளேயே வைத்தல். உயிர் பன்னிரண்டு, ஆய்தம், மெய் பதினெட்டு, கிரந்த எழுத்துகள் என்னும் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வழங்கி, சொற்களை எண்வரிசையாக்கி ஒப்பிட்டால், எந்த நிரலகத்திலும் விளைவு மாறாது. புள்ளியிட்ட மெய் அகரமேறிய மெய்க்கு முன்னோ பின்னோ என்பதையும் அவ்வட்டவணையே வெளிப்படையாகச் சொல்லும். எல்லா மொழிகளுக்கும் வரிசை வேண்டுவோர் ஐசியு போன்ற தனி நிரலகத்தைக் குறித்த ஒரு பதிப்பில் நிலைநிறுத்திப் பயன்படுத்தலாம்.

மூன்று, குறிமுறையை ஒழுங்குபடுத்தல். ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியிடமாகவும், எகரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகவும் ஒப்பீட்டுக்கு இரண்டாகவும் நிற்கும் இவற்றை ஒன்றாக்கும் செயற்கூறு சி மொழியின் செந்தர நிரலகத்தில் இல்லை. ஒப்பிடுமுன் ஒழுங்குபடுத்துவது நிரலின் பொறுப்பு.

நான்கு, மாதிரியைப் பாதுகாத்தல். தற்போக்காக எடுத்த பாடல், அடி எண்களின் பட்டியலையே ஆய்வுடன் சேர்த்து வைத்தால், எண்ணாக்கி மாறினும் ஆய்வை மீளச் செய்யலாம்.

ஐந்து, இரு நிரலகச் சோதனை. ஒரே நிரலை ஜிலிப்சியிலும் மசலிலும் ஓட்டி விளைவுகளை ஒப்பிடுவது சில நிமிடப் பணி. விளைவு வேறுபடும் இடமே நிரல் செந்தரத்தை விட்டு வழக்கத்தின்மேல் சாய்ந்த இடமாதல் கூடும். சோதனைப் பனுவலில் புள்ளி, ஆய்தம், ஒகரக் குறி, பின்னக் குறி ஆகியவை இடம்பெறல் வேண்டும்.

முடிவுரை

செந்தரம் என்னும் சொல் எங்கும் ஒரே விளைவு என்னும் உறுதியைத் தருவதில்லை. அது தருவது குறைந்த அளவு உடன்பாடு. எஞ்சியதை ஒவ்வொரு செயலாக்கமும் தன் தேவைக்கேற்ப நிரப்புகிறது. ஆங்கிலப் பனுவலில் இவ்விடைவெளிகள் பெரும்பாலும் மறைந்தே கிடக்கின்றன. எழுத்து எது, வரிசை எது என்னும் வினாக்களைச் செந்தரம் வட்டார அமைவுக்கு விட்டுவிட்டதால், தமிழ்ப் பனுவலில் அவை முதற்பக்கத்திலேயே வெளிப்படுகின்றன.

தமிழ்ப் பனுவல்கள் இன்று ஒரு நாட்டில் உள்ளிடப்பட்டு, வேறொரு நாட்டில் சேமிக்கப்பட்டு, பிறிதொரு நாட்டில் ஆராயப்படுகின்றன. இம்மூன்று இடங்களிலும் நிரலகம் ஒன்றாக இருக்கும் என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை. நெடுங்கணக்கின் முறையும் எழுத்தின் இலக்கணமும் தமிழ் ஆய்வுக்கு உரியவை. அவற்றைக் கணினியின் வட்டார அமைவிடம் ஒப்படைக்காது நிரலிலேயே வெளிப்பட எழுதிவைத்தால், சொல்லடைவு எந்தக் கணினியில் உருவானாலும் 'மலர்' தனக்குரிய இடத்திலேயே நிற்கும்.